கைக்குட்டையில் பன்னிரண்டு பிள்ளைகளின் கம்மல்

கடந்த ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவியில் ஒரு பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் மடியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருந்தேன். 14 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான குறுவட்டக் கபடிப் போட்டி, அதாவது பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கிற முதல் கட்டப் போட்டி. எங்கள் ஊரான முக்கூடல் பள்ளி அணியில் பன்னிரண்டு பிள்ளைகள். களத்தில் ஏழு பேர், மாற்றுக்கு ஐந்து பேர். அந்த ஐந்தில் ஒருத்தி என் மகள்.

கபடிக்கு நகை போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது, நகமும் வெட்டியிருக்க வேண்டும். நடுவர் ஒவ்வொருவர் கையையும் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். பி.டி. டீச்சர் என்னிடம் வந்து, "பெற்றோரில் நீங்கள் ஒருவர்தான் வந்திருக்கிறீர்கள் அக்கா, இதையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பிள்ளைகள் வரிசையாக வந்து கழற்றிக் கொடுத்தார்கள். கவரிங் கம்மல், வெள்ளிக் கொலுசு, கண்ணாடி வளையல், கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு. கயிற்றை அறுக்க மனமில்லாமல் பல்லால் முடிச்சை அவிழ்த்தாள் ஒருத்தி.

கடைசியாக வந்தவள் கேப்டன். அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவள் காதில் கிடந்தது தங்கம். மாசி மாதம் சடங்கு வைத்தபோது தாய்மாமன் போட்ட கம்மல். அன்றிலிருந்து கழற்றவே இல்லையாம், திருகாணி இறுகிவிட்டது. நான் திருகத் திருக அவளுக்குக் காது சிவந்தது. "இருங்கள் அத்தை" என்றவள் தன் தலைமுடியில் விரலைத் தேய்த்து, விரலில் ஒட்டிய தேங்காய் எண்ணெயைத் திருகாணியில் தடவினாள். கொஞ்ச நேரத்தில் அது இளகி என் உள்ளங்கையில் விழுந்தது. பிறகு நடுவர் அவள் வலது கையைப் பார்த்தார். நான்கு விரல்களில் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கட்டைவிரலில் மட்டும் நீளமாக இருந்தது. வெட்டச் சொன்னார். அவள் ஒரு கணம் தயங்கியதைக் கவனித்தேன். அப்போது எனக்குக் காரணம் தெரியாது.

இப்படி ஒரு மரத்தடியில் மகளின் விளையாட்டைப் பார்க்க உட்காருவேன் என்று நான்கு வருடங்களுக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். 2022 வரை சென்னை முகப்பேரில் இருந்தோம். மகள் அங்கே பாட்மின்டன் பயிற்சிக்குப் போனாள். ஏழு வயதில் சேர்த்தோம், கொரோனா வந்து நின்றது, மறுபடியும் தொடங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. காலை ஐந்தே காலுக்கு அரங்கம் திறக்கும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர். சிலர் கையில் நோட்டுப் புத்தகம். தன் பிள்ளை எத்தனை சர்வீஸைத் தவறவிட்டது என்று கோடு போட்டு எண்ணுவார்கள். முளைகட்டிய பயறு, ஊறவைத்த பாதாம், முட்டையின் வெள்ளைக்கரு என்று டப்பாக்கள் திறக்கும். மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டணம், இறகுப் பந்துச் செலவு தனி. சனி, ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு போட்டி.

பத்து வயதுப் பிள்ளைகளுக்குள் யார் முந்துகிறார்கள் என்பது அந்த நாற்காலி வரிசையில் பெரியவர்களுக்குள் நடந்தது. தோற்றுவிட்டு வந்த ஒரு சிறுவனிடம் அவனுடைய அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டவில்லை. அவன் என்னிடம் வந்து வாங்கிக் குடித்தான். அதைப் பார்த்து மனம் பதறிய நான், என் மகள் தோற்ற நாட்களில் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வீடு திரும்பும்வரை காரில் ஒவ்வொரு பாயிண்ட்டாக எடுத்துப் பேசுவேன். "பதினெட்டுக்குப் பதினெட்டில் ஏன் அப்படி அடித்தாய்?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள் கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்டு மங்கிய இடத்தில் விரலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். என்ன எண்ணுகிறாய் என்று கேட்டேன். "நீங்கள் எத்தனை தடவை 'ஏன்' என்று கேட்டீர்கள் என்று" என்றாள். அன்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

அந்தக் காலத்து வாட்சாப் குழுவில் இன்றும் இருக்கிறேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியனானபோது அதில் இரண்டு நாட்களுக்கு வேறு பேச்சே இல்லை. குகேஷ் ஆட்டத்தைப் பற்றி அல்ல, அவருடைய அப்பாவைப் பற்றி. காது, மூக்கு, தொண்டை மருத்துவரான அவர் மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காக மருத்துவத் தொழிலையே ஒதுக்கிவைத்தவர். "நாம் அந்த அளவுக்குச் செய்தோமா?" என்று ஒரு தாய் எழுதியிருந்தார். அந்தக் கேள்வியை எத்தனை வீடுகளில் இரவு தூங்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். குகேஷின் பெற்றோர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒதுக்கிவைக்க ஒரு தொழிலும் அதை ஈடுகட்ட இன்னொரு சம்பளமும் இருந்தால்தான் அப்படி ஒரு கேள்வியாவது வரும். அது எனக்கு முக்கூடல் வந்த பிறகுதான் உறைத்தது.

மாமனாருக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் ஊருக்கு வந்தோம். முக்கூடலில் அவர் நடத்திய மருந்துக்கடையைக் கணவர் எடுத்து நடத்துகிறார். பிற்பகலில் கடையில் உட்காருவது நான். மகள் பாட்மின்டன் மட்டையை அலமாரியில் வைத்தாள், எடுக்கவில்லை. ஏழாம் வகுப்பில் ஒருநாள் முழங்கால் சிராய்ப்போடு வந்து, "கபடியில் சேர்த்துக்கொண்டார்கள்" என்றாள். எந்த நாற்காலியும் இல்லை, எந்த நோட்டும் இல்லை. மாலையில் பி.டி. டீச்சர் மண்ணில் தண்ணீர் தெளித்துக் கோடு கிழிப்பார், பிள்ளைகள் ஆடுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். தோற்றால் யாரும் கேட்பதில்லை, ஜெயித்தாலும் கேட்பதில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த ஊரில் பிள்ளைகளைப் பிள்ளைகளாக விட்டிருக்கிறார்கள் என்று முகப்பேர் தோழிகளிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

குறுவட்டத்தில் எங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்கள். அரையிறுதியில் கேப்டன் பாடிப்போனதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மற்றவர்கள் கபடி கபடி என்று உரக்கக் கத்திக்கொண்டு போவார்கள். இவளுடைய பாட்டு அடங்கிய குரலில், தேனீ இரைவதுபோல் ஒரே சீராக வரும். எதிரணியின் ஓரத்தில் நின்ற உயரமான பெண் காலைப் பிடிக்கக் குனிந்ததும் இவள் பின்வாங்காமல் அவளை நோக்கியே ஒரு அடி வைத்தாள். குனிந்தவள் தோளில் இடது கை பட்டது. இரண்டு பேர் இடுப்பைப் பிடித்தார்கள். பாட்டு நிற்கவே இல்லை. மார்பு மண்ணில் பட விழுந்து, வலது கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள். எழுந்தபோது முழங்கை தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. என்னை நோக்கி ஓடிவந்து, "அத்தை, கம்மல் இருக்கிறதா?" என்று கேட்டாள். மூன்று பாயிண்ட் எடுத்துவிட்டு வந்தவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

மறுவாரம் அவளுடைய அம்மா வலி மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தார். பீடி சுற்றுகிற பெண்கள் எங்களுக்குத் தினசரி வாடிக்கை. கழுத்து, தோள், நடுமுதுகு எல்லாம் வலி. மகள் நன்றாக விளையாடினாள் என்று சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு, "நகத்தை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள் அக்கா. இந்த வாரம் மடக்கவே கை ஓடவில்லை" என்றார்.

அப்போதுதான் அந்தத் தயக்கம் புரிந்தது. இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுவது அம்மா. முனையை மடக்கிக் கொடுப்பது பள்ளி விட்டு வந்த மகள். குச்சி எதுவும் வைத்துக்கொள்ளாமல் கட்டைவிரல் நகத்தாலேயே மடக்குகிறவள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். அந்த ஆயிரம் முடிந்தால்தான் அன்றைக்குக் கணக்கு நேராகும். மகள் ஆறரை மணிவரை பயிற்சியில் நின்றால் ஐந்து கட்டு குறைகிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தராசில் எடை பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார்.

எதிர்பார்ப்பே இல்லாத ஊர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஊர் இது. மைதானத்துக்கு யாரும் வராததைப் பார்த்து நான் அப்படி முடிவுகட்டியிருந்தேன். என் மகள் ஜெயித்தாலும் தோற்றாலும் எங்கள் அடுப்பு எரியும், அதனால் அவளுக்கு இந்த மண் சுகமாக இருக்கிறது. கேப்டனுக்கு ஒவ்வொரு மாலையும் ஐந்து கட்டு விலை. விலை கொடுத்து வாங்கிய மாலைக்கு என்ன பலன் என்று அவள் வீடு கேட்கத்தான் செய்யும்.

ஆண்பிள்ளை என்றால் நிலைமை வேறு. இந்தப் பக்கத்தில் கோயில் கொடை வந்தால் இரவு முழுக்க விளக்குப் போட்டுக் கபடி நடக்கும். சுற்று ஊர்களிலிருந்து அணிகள் வரும், எடைபோட்டு ஆளைச் சேர்ப்பார்கள், கயிற்றுக்கு வெளியே நின்று அப்பாக்களும் சித்தப்பாக்களும் தொண்டை கிழியக் கத்துவார்கள். மணத்தி கணேசன் பெயர் தெரியாத இளவட்டம் இங்கே கிடையாது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்திக் கிராமத்திலிருந்து புறப்பட்டு, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர். பையன் நன்றாகப் பாடிப்போனால், "நீ மணத்திக்காரர் மாதிரி வருவாய்" என்று முதுகில் தட்டுகிறார்கள். அதே கொடையில் அவனுடைய அக்கா பெண்கள் பக்கத்தில் கடைசித் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். வயதுக்கு வந்த பெண் அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு விழுந்து புரளுவதா என்ற பேச்சு இன்னும் போகவில்லை. எங்கள் அணியில் போன வருடம் இருந்த மூன்று பிள்ளைகள் சடங்கு முடிந்ததும் நின்றுவிட்டார்கள். மூன்று பேருமே நல்ல பிடி பிடிக்கிறவர்கள்.

வறுமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட்டு நகரவும் எனக்கு மனமில்லை. என் நாத்தனாரைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கேயும் தீப்பெட்டித் தொழிலில் பிழைத்த வீடுகள் ஏராளம். ஆனால் அந்த ஊரில் ஹாக்கி மட்டை வீட்டுச் சாமான்களில் ஒன்று. நாத்தனார் மகன் பயிற்சிக்குப் புறப்பட்டால் அவனுடைய தாத்தா திண்ணையில் இருந்தபடியே மட்டையை வாங்கி, கைப்பிடித் துணி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பார். அவரும் ஆடியவர். ஊரிலேயே செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்ப் பையன். அதே அணியில் ஆடிய அரியலூர்க் கார்த்தி செல்வமும் அந்த விடுதியில் பயின்றவர்தான். அங்கே ஒரு தாய்க்கு விளையாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. எதிர்வீட்டுப் பையன் ஏறிப்போன படி அது. முக்கூடலில் ஒரு பெண்பிள்ளையின் தாய்க்கு அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு வீடும் இல்லை. கோவில்பட்டி இங்கிருந்து நூறு கிலோமீட்டர்கூட இல்லை.

செப்டம்பரில் மாவட்டப் போட்டிக்குப் பாளையங்கோட்டை போனோம். அங்கே மண் தரைக்குப் பதிலாக மேட், அதாவது செயற்கைப் பாய், விரித்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அதுவரை மேட்டில் கால் வைத்ததில்லை. மேட்டில் ஆட ஷூ வேண்டும். பி.டி. டீச்சர் தன் பணத்தையும் என்னைப்போல் இரண்டு பேர் கொடுத்ததையும் சேர்த்து ஏழு ஜோடி வாங்கிவைத்திருந்தார். மாற்று ஆட்டக்காரி இறங்கினால் வெளியே வருபவளின் ஷூவை மாட்டிக்கொள்ள வேண்டும். கேப்டனுக்கு அது ஒரு எண் பெரிது. முனையில் துணியைத் திணித்துக் கட்டினோம். மண்ணில் வழுக்கிக்கொண்டு போய்க் கோட்டைத் தொடுகிறவள் மேட்டில் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டாள். அரையிறுதியில் ஆறு பாயிண்ட்டில் தோற்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். என் மகள் கடலை மிட்டாயை எல்லோருக்கும் உடைத்துக் கொடுத்தாள். தோற்ற நாளில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்காக எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் முன் சீட்டில் கேப்டன் தனியாக இருந்தாள், ஜன்னல் பக்கம் திரும்பி. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காரில் என் மகளிடம் நூறு தடவை 'ஏன்' கேட்ட நான், அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சேரன்மகாதேவி தாண்டிய பிறகு அவளே, "மாநிலப் போட்டிக்குப் போயிருந்தால் அம்மாவிடம் கேட்க ஒரு வழி இருந்திருக்கும் அத்தை" என்றாள். எதைக் கேட்க என்று நான் விசாரித்தேன். தொடர்ந்து விளையாட, என்றாள்.

அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டு நடந்தது. பெண்கள் கபடியில் இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா, சென்னையில் குடிசைவாசிகளை மறுகுடியமர்த்திய கண்ணகி நகர்ப் பெண். நாளிதழில் வந்த அவருடைய படத்தை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். எட்டு வருடம் சென்னையில் இருந்தும் நான் கண்ணகி நகருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. சென்னைப் பெற்றோர் இப்படி, நெல்லைப் பெற்றோர் அப்படி என்று நான் போட்டுவைத்திருந்த கணக்கில் கண்ணகி நகர் எங்குமே இல்லை. மாத்திரை வாங்க வந்த கேப்டன் அந்தப் படத்தின் முன்னால் நின்று, செய்தியை உதட்டசைவில் முழுக்கப் படித்தாள். மறுநாள் வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமலே வந்து மறுபடியும் படித்தாள்.

தைப் பொங்கல் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அரசு விளையாட்டு விடுதியில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். இவள் வருகிற ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. தேர்வில் கலந்துகொள்ள வீட்டார் சம்மதிக்க வேண்டும். அம்மா முறத்தை மடியில் வைத்தபடி பேசினார், கை நிற்கவில்லை. சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் இலவசம், படிப்பும் நடக்கும் என்று சொன்னேன். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பொறியியல் படிப்பில் 500 இடங்கள் இருக்கின்றன என்றும் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. அந்த வேலைக்கெல்லாம் குறுவட்டச் சான்றிதழ் செல்லாது, தேசிய அளவுக்குப் போக வேண்டும், அதற்கு ஐந்தாறு வருடம் ஆகும், போனாலும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றேன்.

"ஐந்தாறு வருடம்" என்று திருப்பிச் சொன்னார். "அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து யார் அக்கா மடக்குவார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. கேரளத்தில் சுமைதூக்கும் வேலை பார்க்கும் அப்பா, பெண்பிள்ளையை விடுதியில் விட வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டாராம். இவர்களை யார் குறை சொல்வது? ஒன்றியத்துக்கு ஒரு மேட், அணிக்குப் பன்னிரண்டு ஜோடி ஷூ, மாலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிட ஒரு வண்டி. இதைத்தான் இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். முகப்பேர் குழுவிலும் கேட்டேன். "நாம் அந்த அளவுக்குச் செய்தோமா?" என்று எழுதிய அதே தாய் நான்கு ஜோடி ஷூவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்.

நான் எழுந்து செருப்பு மாட்டும்போது கேப்டனின் அம்மா முதல் தடவையாகக் கையை நிறுத்தினார்.

"அந்த விடுதியில் கம்மலை யார் அக்கா வாங்கி வைப்பார்கள்? தங்கம் இல்லையா?"

கம்மலை உங்களிடமே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம், காதில் பிளாஸ்டிக் குச்சி போட்டுக்கொள்ளட்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இலையை எடுத்துக்கொண்டார். அப்பா மாசிக் கொடைக்கு ஊருக்கு வருகிறாராம். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அப்போது மறுபடியும் போவேன்.